தாமாகவே ஓவியம் பழகுபவர் எந்த நூல்களை வாங்கலாம்?

பள்ளி நாட்களுக்குப் பிறகு பென்சிலைத் தொடாத ஒருவர், வேலைக்குப் போய்க்கொண்டே மாலை நேரங்களில் ஓவியம் பழக விரும்புகிறார். கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும், திரையில்லாத சிறிய டிராயிங் டேப்லட் ஒன்றையும் வாங்கியிருக்கிறார். ஆசிரியர் எவரும் இல்லாமல், கோட்டோவியத்தில் தொடங்கி டிஜிட்டல் ஓவியம் வரை செல்வதற்கு எந்த நூல்களை எந்த வரிசையில் படிக்கலாம் என்பது அவருடைய கேள்வி.

டிஜிட்டல் ஓவியம் கற்க உதவும் நல்ல நூல்களில் பெரும்பாலானவை கணினியைப் பற்றிப் பேசாதவை. அவற்றுள் பல, கணினி வீடுகளுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை. மென்பொருளை விளக்கும் நூல் சில ஆண்டுகளில் பழசாகிவிடுகிறது; மெனுக்கள் இடம் மாறுகின்றன, கருவிகளின் பெயர்கள் மாறுகின்றன. உருண்டையான ஒரு பொருளின் மீது வெளிச்சம் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்பதோ, நிற்பவரின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதோ மாறுவதில்லை. ஆகவே நூல்களுக்கென்று ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதியை ஓவிய அடிப்படைகளுக்கும், மிகச் சிறிய பகுதியை மட்டும் மென்பொருளுக்கும் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொடக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் கைக்குப் பழக்கம் போதவில்லை என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் குறை பார்வையில்தான் இருக்கிறது. கண் என்றால் பாதாம் பருப்பின் வடிவம் என்று மனத்தில் முன்பே பதிந்திருப்பதால், எதிரே அமர்ந்திருப்பவரின் மேலிமை கருவிழியை எவ்வளவு மறைக்கிறது என்பதைப் பார்க்காமலேயே கை அந்தப் பாதாமை வரைந்துவிடுகிறது. பெட்டி எட்வர்ட்ஸ் எழுதி 1979-இல் வெளிவந்த ‘டிராயிங் ஆன் த ரைட் சைட் ஆஃப் த பிரெயின்’ இந்தக் குறையைத்தான் நேராக எடுத்துக்கொள்கிறது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் பிக்காசோ கோடுகளால் வரைந்த படத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு, இது மூக்கு, இது விரல் என்று பெயரிடாமல், கோடு எங்கே வளைகிறது, எந்தக் கோட்டை எங்கே தொடுகிறது என்பதை மட்டும் பார்த்து வரையச் சொல்லும் பயிற்சி இந்நூலில் மிகவும் புகழ்பெற்றது. அதை முழுமையாகச் செய்து முடித்து, தாளை நேராகத் திருப்பிப் பார்ப்பவர்களில் பலர் தங்கள் கையா இதை வரைந்தது என்று வியப்படைகிறார்கள். நாற்காலியை வரைவதற்குப் பதிலாக, அதன் கால்களுக்கும் சட்டங்களுக்கும் இடையில் உள்ள வெற்றிடங்களின் வடிவங்களை வரையச் சொல்லும் பயிற்சியும் அதே அளவு பயன் தருவது.

இந்நூலைப் படிப்பவர் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூளையின் வலப்பக்கம் ஓவியத்துக்கும் இடப்பக்கம் மொழிக்கும் உரியவை என்று நூல் தரும் விளக்கம், 1981-இல் நோபல் பரிசு பெற்ற ரோஜர் ஸ்பெர்ரியின் ஆய்வுகளிலிருந்து கிளைத்தது. ஆனால் மூளை அவ்வளவு எளிதாக இரண்டாகப் பிரிந்து வேலை செய்வதில்லை என்பதே இன்றைய நரம்பியலின் நிலை. விளக்கத்தை ஒதுக்கிவிட்டாலும் பயிற்சிகள் கெடுவதில்லை. எனவே முன்னுரைப் பகுதிகளை வேகமாகக் கடந்து, பயிற்சிகளில் நேரத்தைச் செலவிடுங்கள்.

எட்வர்ட்ஸின் நூல் ஒத்துவராதவர்களுக்கு, பெர்ட் டாட்சன் எழுதிய ‘கீஸ் டு டிராயிங்’ என்னும் 1985-ஆம் ஆண்டு நூலைப் பரிந்துரைப்பேன். கொள்கைகளை 55 சிறு சாவிகளாகப் பிரித்துச் சொல்லும் இந்நூலின் சிறப்பு, பயிற்சி முடிந்ததும் தன் படத்தைத் தானே மதிப்பிட்டுக்கொள்ள அது தரும் கேள்விகளில் இருக்கிறது. ஆசிரியர் இல்லாமல் கற்பவருக்கு மிகவும் குறைவாகக் கிடைப்பது திருத்தம்தான். இந்த இரண்டு நூல்களில் ஒன்று போதும். இரண்டையும் வாங்கத் தேவையில்லை.

நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்னும் ஓவியப் பள்ளியில் கற்பித்த கிமோன் நிக்கொலாய்டிஸ் மறைந்த பிறகு, 1941-இல் வெளிவந்த அவருடைய ‘த நேச்சுரல் வே டு டிரா’ மிகக் கடுமையான நூல். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம், எதிரே ஒரு மாடல் என்று அது கேட்பதை வேலைக்குப் போகிறவர் நிறைவேற்ற முடியாது. இருந்தாலும் அதன் முதல் இரண்டு பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. ஒன்று, தாளைப் பார்க்காமல், பென்சில் முனை அப்பொருளையே தொட்டு நகர்வதாக எண்ணிக்கொண்டு, அதன் விளிம்பை மிக மெதுவாக வரைந்து செல்வது. மற்றொன்று, ஒரு நிமிடத்துக்குள் உடலின் அசைவை மட்டும் பிடிப்பது. பேருந்து நிறுத்தத்திலோ ரயிலிலோ இரண்டாவது பயிற்சியைத் தாராளமாகச் செய்யலாம். முதல் பயிற்சியால் திரையில்லாத டேப்லட் வைத்திருப்பவருக்கு மட்டும் கிடைக்கும் கூடுதல் பயன் ஒன்று உண்டு. அந்தக் கருவியில் கை மேசை மீது இருக்கும், கண் கணினித் திரை மீது இருக்கும். கையைப் பார்க்காமல் கோட்டை வழிநடத்தும் பழக்கம் தாளிலேயே வந்துவிட்டால், டேப்லட்டில் முதல் சில வாரங்களில் பலர் அடையும் சோர்வு பெருமளவு குறைந்துவிடும்.

தொலைவில் உள்ளவை சிறிதாகத் தெரிவதைத் தாளில் காட்டும் பெர்ஸ்பெக்டிவுக்கு எர்னஸ்ட் நார்லிங் எழுதிய ‘பெர்ஸ்பெக்டிவ் மேட் ஈஸி’ என்னும் 1939-ஆம் ஆண்டின் சிறு நூல் போதுமானது. கண்மட்டக் கோடு எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்வியிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கட்டடங்கள் வரை அது அழைத்துச் செல்கிறது, ஆங்கிலமும் எளிமையானது. வாகனங்கள், விண்கலங்கள், விளையாட்டுகளுக்கான கற்பனை உலகங்கள் ஆகியவற்றை வரைய நினைப்பவர்கள், அதற்குப் பிறகு ஸ்காட் ராபர்ட்சனும் தாமஸ் பெர்ட்லிங்கும் எழுதிய ‘ஹவ் டு டிரா’ என்னும் 2013-ஆம் ஆண்டு நூலுக்குச் செல்லலாம். அது ஒரு தொழில்முறை வடிவமைப்பாளரின் நூல். நீள்வட்டங்களையும் கட்டங்களையும் துல்லியமாகக் கட்டியெழுப்பச் சொல்லும். முதல் நூலாக அதை வாங்கியவர்கள் பாதியில் நிறுத்திவிடுவதே வழக்கம். கோபுரங்களையும் தூண்களையும் வரைய ஆசைப்படுகிறவர்கள், ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி வரைந்த கோயில் ஓவியங்களைத் தேடிப் பார்த்து, ஒரு தூணை மட்டுமாவது அப்படியே நகலெடுத்துப் பாருங்கள். கண்மட்டத்துக்கு மேலே போகப் போகச் சிற்ப வரிசைகளின் வளைவு எப்படி மாறுகிறது என்பதை அந்த மையோவியங்கள் தெளிவாகக் காட்டும்.

மனித உருவம் என்று வரும்போது ஆண்ட்ரூ லூமிஸின் பெயரைத் தவிர்க்க முடியாது. அமெரிக்க விளம்பர ஓவியரான அவருடைய நூல்களில் மூன்று, தானே கற்பவருக்கு மிகவும் உகந்தவை: 1939-இல் வந்த ‘ஃபன் வித் எ பென்சில்’, 1943-இல் வந்த ‘ஃபிகர் டிராயிங் ஃபார் ஆல் இட்ஸ் வொர்த்’, 1956-இல் வந்த ‘டிராயிங் த ஹெட் அண்ட் ஹேண்ட்ஸ்’. ஒரு பந்தை வரைந்து, அதன் இரு பக்கங்களையும் சிறிது சீவிவிட்டு, அதன் மீது புருவக் கோட்டையும் நடுக்கோட்டையும் சுற்றி, கீழே தாடையைப் பொருத்தினால் எந்தக் கோணத்திலும் தலையை அமைத்துவிடலாம் என்ற அவருடைய முறையை இன்றும் உலகெங்கும் ஓவியர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் பழக்கம் குறைந்தவர்களுக்கு முதல் நூலை நான் மிகவும் விரும்பிப் பரிந்துரைக்கிறேன். அதில் படங்களே பாடம் நடத்துகின்றன.

லூமிஸைப் பின்பற்றுகிறவர்கள் ஓர் எல்லையை உணர்ந்துகொள்ள வேண்டும். அவருடைய இலட்சிய ஆண் உருவம் எட்டுத் தலை உயரமுடையது. சாதாரண மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரமே என்பதை அவரே குறிப்பிடுகிறார். எட்டுத் தலை என்பது 1940-களின் அமெரிக்க விளம்பரம் விரும்பிய உடல். அவருடைய முகங்களும் அந்தக் காலத்து அமெரிக்க வெள்ளையர் முகங்களே. நம் சிற்ப மரபிலும் இப்படியோர் இலட்சிய அளவு முறை உண்டு. முகத்தின் நீளத்தைத் தாளம் என்று கொண்டு, அதை 12 அங்குலங்களாகப் பிரித்து, நவதாளம், தசதாளம் என்று தெய்வ உருவங்களை வகுப்பார்கள். இங்கே அங்குலம் என்பது சிலையின் உயரத்துக்கேற்ப மாறும் ஒப்பீட்டு அளவாகும். கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த வை. கணபதி ஸ்தபதி தமிழில் எழுதிய ‘சிற்பச் செந்நூல்’ இந்த அளவுகளைக் கோட்டுப் படங்களுடன் விளக்குகிறது. புராணக் காட்சிகளையோ தெய்வ உருவங்களையோ டிஜிட்டலில் வரைய விரும்புபவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் விளம்பர உடலும் தெய்வ உடலும் அவற்றுக்குரிய இடத்தில் மட்டுமே பொருந்தும். தெருவில் நடக்கும் மனிதரையும், மடித்துக் கட்டிய வேட்டியையும், தோளில் விழும் சேலையின் மடிப்பையும் எந்த நூலும் முழுமையாகக் கற்பிக்காது. நூலிலிருந்து ஒரு பக்கம் நகலெடுத்தால், அதே அளவுக்கு வீட்டிலிருப்பவர்களைப் பார்த்தும் வரைய வேண்டும்.

உடற்கூறுக்கு ஜார்ஜ் பிரிட்ஜ்மனின் ‘கன்ஸ்ட்ரக்டிவ் அனாடமி’ என்னும் 1920-ஆம் ஆண்டு நூலைப் பலரும் சொல்வார்கள். உடலைப் பெட்டிகளாகவும் ஆப்புகளாகவும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் காட்டும் அவருடைய படங்கள் ஆற்றல் மிக்கவை; ஆனால் அந்தக் கரடுமுரடான கோடுகளுக்குள் எது எலும்பு, எது தசை என்று தொடக்கநிலையினரால் பிரித்தறிய முடியாது. மைக்கேல் ஹாம்ப்டனின் ‘ஃபிகர் டிராயிங்: டிசைன் அண்ட் இன்வென்ஷன்’ என்னும் 2009-ஆம் ஆண்டு நூல் அதே வழியைத் தெளிவான படங்களோடு காட்டுகிறது. ஹாம்ப்டனை முதலில் முடித்துவிட்டுப் பிரிட்ஜ்மனுக்குத் திரும்புவது நல்லது.

டிஜிட்டல் ஓவியம் உண்மையில் தொடங்குவது ஒளியும் நிறமும் பற்றிய பகுதியில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். டேப்லட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் கோடு வரைந்து, அதற்குள் நிறம் நிரப்பி, அங்கங்கே கறுப்பைக் கலந்து நிழல் வைக்கிறார்கள். படம் மங்கலாகவும் அழுக்காகவும் தெரிகிறது. இதற்கான மருந்து, ஹெரால்ட் ஸ்பீட் எழுதி 1913-இல் வெளிவந்த ‘த பிராக்டிஸ் அண்ட் சயின்ஸ் ஆஃப் டிராயிங்’ நூலில் இருக்கிறது. கோட்டால் வரைவது ஒரு முறை, ஒளி-நிழல் திரள்களால் வரைவது வேறொரு முறை என்று அவர் பிரித்துக் காட்டி, இரண்டாவதைத் தூரிகையால் பழகச் சொல்கிறார். திரையில் பெரிய பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு, கோடு இல்லாமல், மூன்றே சாம்பல் சாயல்களில் ஒரு மண்பானையையோ ஒரு முகத்தையோ எழுப்பிப் பார்த்தால் அவர் சொல்வது புரியும். இந்நூலுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நடை பழமையானது, பொறுமையாகப் படிக்க வேண்டும்.

இதற்கு அடுத்து, ஒரே ஒரு விலையுயர்ந்த நூலை மட்டும் வாங்க முடியும் என்று ஒருவர் சொன்னால், ஜேம்ஸ் கர்னியின் ‘கலர் அண்ட் லைட்’ நூலைத்தான் கைகாட்டுவேன். ‘டைனோடோப்பியா’ நூல்களுக்காக அறியப்பட்ட இந்த ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் வரைபவர். ஆனால் 2010-இல் வந்த அவருடைய இந்த நூல் டிஜிட்டல் ஓவியர்களின் மேசைகளில் நிலையான இடம் பெற்றுவிட்டது. மேகமூட்டமான பகலில் நிழல்கள் ஏன் மென்மையாகின்றன, ஜன்னல் வெளிச்சம் அறைக்குள் எப்படித் தணிந்துகொண்டே போகிறது, சதைக்குள் புகுந்து சிதறும் ஒளியால் தோல் ஏன் உயிருள்ளதாகத் தெரிகிறது என்று ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு பக்கங்களில் விளக்குகிறார். நிறச் சக்கரத்தின் மீது ஒரு வடிவத்தைப் பொருத்தி, அதற்குள் அடங்கும் நிறங்களை மட்டும் கொண்டு ஒரு படத்தை முடிக்கும் முறையையும் அவர் கற்பிக்கிறார். கிரிட்டா என்னும் ஓவிய மென்பொருளின் நிறத் தேர்வுப் பலகையில் இதற்கென்றே ஒரு வசதி சேர்க்கப்பட்டிருக்கிறது. கோடிக்கணக்கான நிறங்கள் ஒரு சொடுக்கில் கிடைக்கும் திரையில், நிறங்களைக் குறைத்துக்கொள்ளக் கற்பது மிகவும் அவசியம்.

ஜோசஃப் ஆல்பர்ஸின் ‘இன்டராக்‌ஷன் ஆஃப் கலர்’ என்னும் 1963-ஆம் ஆண்டு நூல், ஒரே நிறம் இரு வேறு பின்னணிகளில் இரு வேறு நிறங்களாகத் தெரிவதைக் காட்டுகிறது. இதை வாங்காவிட்டாலும் அதன் மையப் பயிற்சியைக் கணினியில் செய்து பார்க்கலாம். ஒரே சாம்பல் சதுரத்தை ஒருமுறை கருநீலத்தின் மீதும் ஒருமுறை வெளிர் மஞ்சளின் மீதும் வைத்துவிட்டு, நிறம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பாருங்கள். எண்கள் ஒன்றாகவே இருக்கும், கண்ணுக்கு அவை வேறு வேறாகத் தெரியும். புகைப்படத்திலிருந்து நிறத்தை அப்படியே எடுத்து ஒட்டினால் ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

படத்தின் அமைப்புக்கு மாலி பேங் எழுதிய ‘பிக்சர் திஸ்’ என்னும் 1991-ஆம் ஆண்டு நூலைச் சிறுவர் நூல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை ஒரு சிவப்பு முக்கோணத்தையும் வெட்டிய தாள் வடிவங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, சாய்ந்த கோடு ஏன் பதற்றம் தருகிறது, படுக்கைக் கோடு ஏன் அமைதி தருகிறது, பெரிய வடிவம் எப்போது அச்சமூட்டுகிறது என்று அவர் படிப்படியாகக் காட்டுகிறார். ஒரே மாலையில் படித்துவிடலாம். டிஜிட்டல் வடிவக் கருவிகளால் அதே பயிற்சியைச் செய்யவும் முடியும். திரைக்கதைக் காட்சிகளையோ கதைப் படங்களையோ வரைய நினைப்பவர்கள் மார்கோஸ் மாத்தேயு-மெஸ்ட்ரேயின் ‘ஃப்ரேம்டு இங்க்’ நூலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மென்பொருளுக்கு வருவோம். கிரிட்டா இலவசமானது, திறமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. அதன் கையேடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் நிறங்கள், லேயர்கள் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படலங்கள்), கலப்பு முறைகள் (ஒரு படலம் அடியிலுள்ளதோடு கலக்கும் விதங்கள்) பற்றிய பொதுப் பாடங்கள், விலை கொடுத்து வாங்கும் பல நூல்களைவிடத் தெளிவானவை. போட்டோஷாப் அல்லது ஐபேடின் புரோக்ரியேட் வைத்திருப்பவர்கள், 3டி டோட்டல் பதிப்பகத்தின் ‘பிகினர்ஸ் கைடு டு டிஜிட்டல் பெயின்டிங்’ வரிசையில் தங்கள் மென்பொருளுக்குரிய ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அதில் கருவிகளை விளக்கும் அத்தியாயங்களைத் தேவைப்படும்போது புரட்டினால் போதும். ஓர் ஓவியர் முதல் கிறுக்கலிலிருந்து இறுதிப் படம் வரை எடுத்த முடிவுகளைக் காட்டும் பகுதிகளை நிதானமாகப் படியுங்கள்.

அத்தகைய நூல்கள் விரைந்து கடந்துவிடும் சில செய்திகளை இங்கே சொல்லிவிடுகிறேன். டேப்லட்டின் வரையும் பரப்பும் திரையும் ஒரே நீள அகல விகிதத்தில் இருக்கும்படி டிரைவரில் (டேப்லட்டை இயக்கும் மென்பொருளில்) அமைக்காவிட்டால், நீங்கள் வட்டமாகக் கையை அசைத்தாலும் திரையில் முட்டை வடிவம்தான் வரும். இதை அறியாமல் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்பவர்கள் பலர். அச்சிட எண்ணினால் ஏ4 அளவுக்கு 300 டிபிஐ-இல் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 2480-க்கு 3508 பிக்சல் என்ற அளவில் கோப்பைத் தொடங்குங்கள். சிறிய கோப்பைப் பின்னர் பெரிதாக்கினால் கோடுகள் கலங்கிவிடும். தொடக்கத்தில் ஒரே ஒரு கெட்டியான வட்டப் பிரஷும் மூன்று நான்கு லேயர்களும் போதும். கிரிட்டாவில் எம் என்ற விசையை அழுத்தினால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலமாகத் திரும்பும். முகத்தின் கோணல் அப்போதுதான் கண்ணில் படும். எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிரப்பிய லேயர் ஒன்றை வைத்து, அதன் கலப்பு முறையைக் கலர் என்று மாற்றினால் படம் முழுவதும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும்; ஒளியும் நிழலும் நிறத்தின் உதவி இல்லாமல் நிற்கின்றனவா என்பதை இப்படிச் சோதிக்கலாம்.

நூலைப் பயன்படுத்தும் முறை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓவிய நூலைக் கதைப் புத்தகம்போல் படித்து முடிப்பதால் எதுவும் கிடைக்காது. ஒரு பக்கத்தின் படத்தைப் பார்த்து வரையுங்கள். பிறகு நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து வரையுங்கள். பின்னர் அதே கருத்தை உங்கள் அறையில் உள்ள ஒரு பொருளின் மீது செலுத்திப் பாருங்கள். மூன்றாவது படியைத் தவிர்ப்பவர்கள் நல்ல நகலெடுப்பாளர்களாக மட்டும் நின்றுவிடுகிறார்கள். பார்வைப் பயிற்சி நூல் முடியும்வரை தாளும் பென்சிலும் மட்டும் போதும். பெர்ஸ்பெக்டிவ் நூலை எடுக்கும்போது டேப்லட்டையும் சேர்த்துக்கொண்டு, அன்றைய பயிற்சியைத் தாளில் ஒருமுறை, திரையில் ஒருமுறை என்று செய்யலாம். நாளுக்கு அரை மணி நேரம் கிடைத்தாலும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட அதுவே மேல். கர்னியின் நூலைப் போன்ற வண்ண நூல்களை அச்சில் வாங்குங்கள். தரமற்ற திரையில் பார்த்தால் அவற்றின் நிறங்கள் பொய் சொல்லும்.

காமிக்ஸ் பக்கம் மனம் செல்பவர்களுக்கு ஸ்காட் மெக்லவுடின் ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’, காமிக்ஸ் வடிவிலேயே காமிக்ஸை விளக்கும் 1993-ஆம் ஆண்டு நூல். வரைவதற்கான நேரடிப் பாடங்கள் 2006-இல் வந்த அவருடைய ‘மேக்கிங் காமிக்ஸ்’ நூலில் இருக்கின்றன. அனிமேஷனுக்கு ரிச்சர்ட் வில்லியம்ஸின் ‘தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்’ தவிர வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. 2001-இல் வெளிவந்த அந்தப் பெரிய நூலில் பாதிக்கு மேல் படங்கள்தாம். துள்ளும் பந்து, நடக்கும் மனிதன் என்று அது காட்டும் அசைவுகளைக் கிரிட்டாவின் அனிமேஷன் காலக்கோட்டிலேயே, வேறு மென்பொருள் எதுவும் வாங்காமல், சட்டம் சட்டமாக வரைந்து ஓடவிட்டுப் பார்க்கலாம்.